முறைக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு கோடு

காலை ஏழு மணி பத்து நிமிடம். கோயில் அலுவலக வாசலில் நான் முதலில் பார்த்தது ஒரு பெண்ணின் முதுகை. அடுத்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த பட்டியலின் மேல் ஊன்றியிருந்த அவருடைய விரலை. மணிக்கட்டில் ஈர வாழைநார் ஒன்று சுற்றிக் கிடந்தது. விரல் மேலிருந்து கீழே வந்தது, மறுபடி மேலே போனது. பட்டியல் நான் அச்சிட்டது.

தொண்ணூறுகள் முடிந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியிருந்தன. செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்குப் பின்னால், நான்கு பேர் வேலை பார்த்த ஒரு சிறிய கணினி நிறுவனத்தில் இருந்தேன். அதற்கு முன் ஆறு ஆண்டுகள் ஒரு நாளிதழுக்கு வட்டாரச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். மதுராந்தகம் ஏரி நிரம்பினால் எத்தனை அடி என்று மதகுக்கே போய்ப் பார்த்து எழுதுவேன். பிறகு மாலை வகுப்பில் தரவுத்தளம் படித்து வேலையை மாற்றிக்கொண்டேன்.

மாமல்லபுரத்துக்கு அருகே, கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில் இருந்த ஒரு பெருமாள் கோயில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தது. மாலை கட்டுவது, குடை பிடிப்பது, தீவட்டி எடுப்பது போன்ற சேவைகளை அங்கே சில குடும்பங்கள் நாள் பங்கிட்டுச் செய்து வந்தன. ஒரு குடும்பத்துக்கு மாதத்தில் எட்டு நாள், இன்னொன்றுக்கு ஏழு நாள் என்று. அந்தப் பங்குக்கு முறை என்று பெயர். எந்த நாள் யாருடைய முறை என்பதைக் கணினியில் ஏற்றித் தர வேண்டும்.

இப்படிப்பட்ட வேலையில் முதலில் ஒரு படம் வரைவோம். ஈ.ஆர். படம் என்போம். ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஒரு பெட்டி, பெட்டிகளுக்கு நடுவே உறவைச் சொல்லும் கோடு. கோட்டின் முனையில் ஒற்றைக் குறுக்குக் கோடு போட்டால் 'ஒன்று' என்று பொருள். மூன்றாகப் பிரித்துவிட்டால் 'பல'. நான் நான்கு பெட்டி போட்டேன்: சேவை, நாள், முறை, ஆள். ஒரு ஆளுக்குப் பல முறை இருக்கலாம், ஒரு முறைக்கு ஒரே ஆள். ஒரு தாளில் அடங்கியது. அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

கோயில் எழுத்தர் படத்தை எட்டிப் பார்த்தார். "இன்னா சார், கோட்டு முனையில எல்லாம் காக்கா காலு வெச்சிகிறீங்க? இது பெருமாள் கோயிலு. சனீஸ்வரன் கோயிலு இல்ல."

ஆட்களின் பெயர்களைக் கையெழுத்து நோட்டிலிருந்து எடுத்தோம். சேவை செய்ய வருபவர் தினமும் அதில் கையெழுத்துப் போடுவார். மூன்று ஆண்டு நோட்டுகளை எழுத்தர் வாசிக்க, நான் ஏற்றினேன். பட்டியல் ஒட்டப்பட்டு அது மூன்றாம் நாள். ஆட்சேபம் இருந்தால் ஏழு நாளுக்குள் சொல்ல வேண்டும். அதன் பிறகு பட்டியல் மேலிடத்துக்குப் போய்விடும். அதுதான் இனி முறை.

பெண் திரும்பினார். நாற்பது வயது இருக்கும்.

"இத எழுதினது நீங்களா?"

"ஆமாம்."

"ஒம்போதுலேர்ந்து பதினாறு வரைக்கும் மாலை முறை என்னுது. எம்பேரே இல்லியே. கொழுந்தன் பேருதான் கீது."

எழுத்தர் சாவியோடு வந்துகொண்டிருந்தார். "காலங்காத்தால இன்னாம்மா? கம்ப்யூட்டர் போட்டது அது. தப்பா போடாது."

"கம்ப்யூட்டரா பூ கட்டுது?" என்றார் அவர்.

உள்ளே உட்காரவைத்து விசாரித்தேன். நிருபராக இருந்தபோது கேட்ட அதே கேள்விகள்: யார், எப்போது, எங்கே. மாமனாருக்கு இருந்த பதினாறு நாள் முறையை இரண்டு மகன்களும் எட்டு எட்டாகப் பிரித்துக்கொண்டார்கள். முதல் எட்டு நாள் தம்பிக்கு, அடுத்த எட்டு நாள் அண்ணனுக்கு. அண்ணன், அதாவது இவருடைய கணவர், இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

"பூ பறிக்கிறது நானு. கட்டுறது நானும் எம்பொண்ணும். பொம்பளைங்க மாலையை உள்ள கொண்டாந்து குடுக்கிற வழக்கம் இங்க இல்ல. அதனால கொழுந்தன் எடுத்துகினு போறாரு, கையெழுத்து போடறாரு. அவ்ளோதான்." மணிக்கட்டு நாரை அவிழ்த்தார். "எம்பொண்ணு பத்தாவது படிக்குது. எனக்கப்புறம் அதுக்குதான் இது. இப்ப வுட்டா வுட்டதுதான்."

நோட்டில் எங்கும் இவர் பெயர் இல்லை. என் படத்தில் முறைக்கும் ஆளுக்கும் நடுவே இருந்தது ஒரே கோடு. யார் கையெழுத்துப் போட்டாரோ அவர் அந்த முனையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நிர்வாக அதிகாரி ஒன்பதரைக்கு வந்தார். வெளி மாவட்டத்துக்காரர், பொறுமையாகக் கேட்பவர். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இவங்க பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லலை சார். ஆனா வாய்ப் பேச்சை வெச்சு ஒரு பேரை அடிச்சு இன்னொண்ணை எழுதினா, நாளைக்கு நாலு பேர் வந்து நிப்பாங்க. ஏதாவது ஆதாரம் வேணும்."

"காகிதம் ஏது மேடம்?" என்றார் அந்தப் பெண். "சோறு எங்க வூட்டுக்குதான் வருது. வேணும்னா மத்தியானம் மடப்பள்ளியில வந்து பாருங்க."

முறைக்காரர் வீட்டுக்கு உச்சிகாலப் பிரசாதத்தில் ஒரு பங்கு உண்டு என்பது எனக்குத் தெரியும். அதைப் படத்தில் சேர்க்கவில்லை. நோட்டில் இல்லாத எதையும் நான் சேர்க்கவில்லை.

பதினொன்று ஐம்பதுக்கு மடைப்பள்ளியின் பின்வாசலுக்குப் போனேன். அதிகாரியையும் அழைத்தேன்; செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். வாசற்கல்லில் ஐந்து பித்தளைத் தூக்குவாளிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு பெயர் வெட்டியிருந்தது. நான்காவது வாளியில் இருந்தது அந்தப் பெண்ணின் கணவர் பெயர். அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தூணோரம் நின்றுகொண்டிருந்தவர் கணவரின் தம்பி.

சமையல் செய்பவர் கரண்டியோடு வெளியே வந்தார். அறுபதைத் தாண்டியவர். பட்டியலைப் பற்றி அவரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. இந்த வாளி எந்த நாட்களில் வரும் என்று கேட்டேன்.

"முதல் எட்டு நாள் ஒரு குட்டைத் தூக்கு வரும். ஒன்பதாந்தேதி பொறந்தா இந்த நெட்டை. வருஷக்கணக்கா இப்படித்தான்."

"ரெண்டையும் கொண்டு வர்றது இவர்தானே?"

"கையை யார் பாக்கறா? தூக்கைப் பாத்துன்னா போடறேன்."

வாளி நிறைந்தது. அதிகாரி தம்பியின் பக்கம் திரும்பினார். "இது யார் வீட்டுக்குப் போகுது?"

"அண்ணி வூட்டுக்கு."

"அப்ப பட்டியல்ல உங்க பேர் இருக்கே?"

தம்பி மூடியை அழுத்தி மூடினார். "ஒட்டுனதுலேர்ந்து தெருவுல ஒரே கிண்டலு மேடம். 'பதினாறு நாளும் உனுக்குதான் மச்சான், இன்னா நடை, இன்னா ஜோரு'ன்றானுங்க. ரெண்டு நாளா நான் ஒண்ணும் சொல்லல."

"இப்ப என்ன சொல்றீங்க?"

"அண்ணி முறைதான்." பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா நாலு வருசமா காலையில அஞ்சரைக்கு எழுந்து ஓடியாறது நானு. என் பேரை மொத்தமா அடிச்சுட்டு அவுங்க பேரை எழுதிடுவீங்களா? அப்ப நான் போட்ட கையெழுத்து இன்னா கணக்கு?"

எனக்கு அதுவரை இருந்த யோசனை அதுதான்: ஒரு பெயரை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடுவது. இரண்டு நிமிட வேலை. செய்திருந்தால் நோட்டு பொய்யாகியிருக்கும், பட்டியல் பாதி உண்மையாகியிருக்கும்.

செங்கல்பட்டுக்குத் திரும்பும் பேருந்தில், மடியில் பையை வைத்து அதன் மேல் தாளை விரித்து வரைந்தேன். பெட்டிகள் அதே நான்கு. முறைக்கும் ஆளுக்கும் நடுவே இரண்டாவதாக ஒரு கோடு. ஒன்றின் மேல் 'உடையவர்' என்று எழுதினேன், மற்றதன் மேல் 'செய்பவர்' என்று. இரண்டு கோடும் ஒரே ஆளிடம் போகலாம், வேறு வேறு ஆளிடமும் போகலாம். வகுப்பில் இதைச் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். அதே இரண்டு பெட்டிகளுக்கு நடுவே எத்தனை உறவு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று குறிப்பேட்டில் என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த நாளிலிருந்து மூன்று நாள் உச்சிவேளையில் மடைப்பள்ளி வாசலில் நின்றேன். ஒவ்வொரு வாளியாகப் பார்த்து, சமையல்காரரிடம் மற்ற தேதிகளையும் கேட்டு எழுதிக்கொண்டேன். நோட்டோடு ஒத்துப் பார்த்ததில் இன்னும் இரண்டு இடங்களில் பெயர் மாறியிருந்தது. ஒன்று தீவட்டி முறை, மற்றது குடை முறை. உடையவர் கல்பாக்கத்தில் ஷிப்டு வேலை பார்ப்பவர். விடிவதற்குள் அலுவலகப் பேருந்தில் போய்விடுவதால் சித்தப்பா மகன் அவருக்காகக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். பட்டியலில் தன் பெயர் இல்லாதது நான் போய்ச் சொல்லும் வரை உடையவருக்குத் தெரியாது.

"எனக்குப் பகல்ல இந்தப் பக்கம் வர்ற வேலையே இல்லையே சார்," என்றார். "ஞாயித்துக்கிழமை வந்து பாத்திருப்பேன்." கெடு சனிக்கிழமையோடு முடிந்திருக்கும்.

கெடு முடிவதற்கு முந்தின நாள் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினோம். இம்முறை பெயருக்கு இரண்டு பத்திகள்: உடையவர், செய்பவர். எழுத்தர் பசையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "இதுலயும் காக்கா கீதா சார்?"

"இருக்கு. ஒண்ணு கூடியிருக்கு."

பூ கட்டும் பெண் மகளோடு வந்து பார்த்தார். மகள் பள்ளிச் சீருடையில் இருந்தாள். அம்மாவின் பெயரை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். அவர் அதிகாரியிடம், "இனிமே இதானே மேடம்?" என்று கேட்டார். "இதுதான்," என்றார் அதிகாரி.

அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி பிரின்டர் ரிப்பன் மாற்ற மறுபடி போயிருந்தேன். காலை ஆறு மணி. கையெழுத்து நோட்டிலும் எழுத்தர் இரண்டு கட்டம் அடித்திருந்தார். முதல் கட்டத்தில் அந்தப் பெண்ணின் பெயர் முன்பே எழுதியிருந்தது. கணவரின் தம்பி மாலைக் கூடையை உள்ளே கொடுத்துவிட்டு வந்து, இரண்டாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.