பாட்டுக்கு எதுக்குங்க கவரு?

வேலை முடிந்த களைப்பில் பிளம் கேக் வாங்க பேக்கரியில் நின்றேன். போனில் சார்ஜ் இல்லை.

ரேடியோவில் வருஷா வருஷம் கேட்டுச் சலித்த அதே கிறிஸ்துமஸ் பாப் பாட்டு. ஆனால் இதை வேறு யாரோ தன் பாணியில் மறுபடி பாடியிருந்தார். ட்ரம்ஸ் இல்லை. ஒரு பெண், ஒரு கிடார். இந்த டிசம்பரில் நான் நின்று கேட்ட ஒரே பாட்டு.

போனில் தேட வழியில்லாமல், கல்லாவில் இருந்த கௌதள்ளி ஊர்க்காரரிடம் அவசரமாகக் கேட்டேன். "அண்ணா, இது யாரோட கவர்?"

"கவர் குடுக்கறதில்லீங்க. புடிச்சா ஃபைன் போட்டுர்றாங்க."

"பிளாஸ்டிக் இல்லண்ணா, பாட்டு கவர்!"

"பாட்டுக்கு எதுக்குங்க கவரு?"

விளக்குவதற்குள் பாட்டு முடிந்து, நகைக்கடை விளம்பரம் வந்துவிட்டது.

பாடியது யாரென்று தெரிந்தால் லிங்க் போடுங்கள். எந்தப் பாட்டு என்று சொல்லத் தேவையில்லை, உங்கள் தெருவிலும் அதுதான் ஓடுகிறது.

"பை கொண்டு போ" என்று கமெண்ட் போடுபவர்களை பிளாக் செய்வேன்.