கொள்ளு பரப்பிய சாலை

என் மருமகளுக்கு உடம்பு இளைக்க வேண்டுமாம். போனில் யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு வாரமாக எங்கள் வீட்டுக் குக்கரில் காலையில் கொள்ளு வேகிறது. மண்ணும் வைக்கோலும் சேர்ந்து நனைந்த மாதிரி ஒரு வாசனை, கூடம் வரைக்கும் வந்துவிடும். "புடிக்கலன்னா சொல்லுங்கத்த, ஜன்னலத் தெறந்து வெக்கிறேன்" என்கிறாள் பாவம். பிடிக்காமல் இல்லை. அந்த வாசனை வந்தால் கொஞ்ச நேரம் எனக்கு யாரோடும் பேசத் தோன்றாது, அவ்வளவுதான். ஏன் என்று அவளிடம் சொல்ல ஆரம்பித்தால் அவள் ஆபீஸுக்குப் போக முடியாது. உங்களுக்குத்தான் நேரம் இருக்கிறதே, கேளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். வாணியம்பாடியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை. பதனிட்ட தோலை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, எங்கே கீறல், எங்கே உண்ணி கடித்த தழும்பு என்று பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். கண்தான் எங்களுக்குச் சோறு போட்டது. சாயங்காலம் அவர் வீட்டுக்குள் வரும்போது தோல் வாசனையும் பெட்ரோல் வாசனையும் கூடவே வரும். முதல் வாசனையை எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரட்ட முடியாது. இரண்டாவதை அவர் விரட்டவே விரும்பவில்லை. அந்தப் பழைய மோட்டார் சைக்கிள்மேல் அப்படி ஒரு பைத்தியம். செங்காவி நிறத் தொட்டி, இரண்டு புகைக்குழாய், உதைத்துக் கிளப்புகிற கம்பியே முன்னால் மடங்கி கியராகிவிடும். அதைத் துடைக்கிற துணியை நான் தவறிப்போய்க் கரித்துணியாக எடுத்துவிட்டேன் என்று ஒரு நாள் முழுக்க என்னோடு பேசாமல் இருந்த மனுஷன்.

கல்யாணமான புதிதில், விளக்கு வைக்கிற நேரமானால் அவர் தண்ணீர்க் குடத்தில் இடித்துக்கொள்வார். வாசற்படியைக் காலால் துழாவுவார். குடித்துவிட்டு வருகிறாரோ என்று முதல் மாதம் முழுக்கத் தூங்கும்போது வாயை முகர்ந்து பார்த்தவள் நான். அப்புறம்தான் மாலைக்கண் என்று தெரிந்தது. வைத்தியத்தில் இறங்கினேன் பாருங்கள், முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல், மறுபடியும் முருங்கைக்கீரை. கன்னம் உப்பியதுதான் மிச்சம். கடைசியில் மெட்ராஸுக்குப் போய்க் கண் டாக்டரிடம் காட்டினோம். இது கீரைக்கு அடங்குகிற வியாதி இல்லை, பிறவியிலேயே வந்தது, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை குறுகிக்கொண்டே வந்து பகலிலும் தெரியாமல் போய்விடும் என்றார். வண்டி ஓட்டுவதை உடனே நிறுத்தச் சொன்னார்.

திரும்பி வரும் ரயில் காட்பாடியைத் தாண்டியது. அப்புறம், "வண்டிய குடுத்துடலாம்" என்றார். ஆம்பூரில் ஒருவரிடம் பேசி, திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னவரும் அவரே. சனிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டார்.

"நாளிக்கி மலைக்குப் போய்ட்டு வந்துடலாமா? ஒரு தடவ நல்லா பாத்துட்டு வந்துடறேன்."

பொழுது சாய்வதற்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். சரி என்று தலையாட்டினார்.

தை மாதம். ஆலங்காயத்தில் டீ குடித்துவிட்டு மலை ஏறினோம். காற்றை விரட்டுகிற மாதிரி ஓட்டுகிறவர் அன்றைக்கு மாட்டு வண்டி போலப் போனார். வளைவுக்கு வளைவு நிறுத்தினார். பள்ளத்தாக்கு முழுக்கப் பனி விலகிக்கொண்டிருந்தது, அதைப் பாருங்கள் என்று நான் கையை நீட்டினால் அவர் ஒரு புளிய மரத்தின் அடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பாறையில் காய்கிற ஒரு சிவப்புச் சேலையைப் பார்ப்பார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"இன்னா பாக்கறீங்க? அங்க எம்மாம் அழகா இருக்குது!"

"அது பெருசு, மனசுல நின்னுக்கும். சின்னதுதான் மறந்துபூடும்."

பிறகு கைப்பிடியில் இருந்த வட்டக் கண்ணாடியைத் திருப்பினார். அதற்குள் என் முகம் தெரிந்தது. கூந்தல் எல்லாம் கலைந்து, மூக்கில் புழுதியோடு. ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கள் என்று முதுகில் ஒன்று வைத்தேன். கண்ணாடியை மட்டும் அவர் திருப்பிவைக்கவில்லை.

காவலூரில் மரங்களுக்கு மேலே தொலைநோக்கிக் கூடத்தின் வெள்ளைக் கோபுரம் தெரிந்தது. வாசலில் இருந்த காவல்காரர் நல்ல மனுஷர். "பகல்ல வந்து இன்னாங்க பாக்கப் போறீங்க? ராவுல வாங்க, நட்சத்திரம் காட்டுவாங்க" என்றார். இவர் தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார். கொஞ்ச தூரம் போன பிறகு தலையைத் திருப்பாமல் சொன்னார்: "சின்ன வயசுல எல்லாரும் மேல பாத்து நட்சத்திரம் நட்சத்திரம்பாங்க. எனுக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா சொல்றாங்கன்னு நெனச்சிக்கினு, நானும் ஆமா ஆமான்னுட்டு இருந்தேன்." நான் அவர் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ஓட்டுகிறவருக்குப் பின்னால் உட்கார்வதில் அது ஒரு சௌகரியம், அழுதால் தெரியாது. கண்ணாடி என் பக்கம் திரும்பியிருந்தது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

ஜமுனாமரத்தூர் வரைக்கும் போனோம். ஒரு பலா மரத்தடியில் கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைப் பிரித்தோம். அவர் சோற்றையும் பார்த்துப் பார்த்துத்தான் சாப்பிட்டார். வெயில் தணிவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். அப்படியே வந்திருந்தால் வெளிச்சத்தோடு வீடு சேர்ந்திருக்கலாம்.

வழியில் ஒரு மலைக்கிராமம். ரோட்டின் மேலேயே கொள்ளுச் செடியைக் காயோடு பிடுங்கி வந்து கனமாகப் பரப்பியிருந்தார்கள். ஓரத்தில் பெண்கள் உட்கார்ந்து தடியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் வண்டியை நிறுத்திவிட்டார், தின்கிற பொருள்மேல் சக்கரத்தை ஏற்றக்கூடாது என்று. ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தார். ஒரு பெண் எழுந்து வந்து கத்தினாள்.

"ண்ணா, ஓரமா போவாதீங்க! மேலயே ஏத்துங்க. ஏத்தறதுக்குத்தான கொட்டி வெச்சிருக்குது. ரெண்டு நாளா பஸ்ஸு வர்ல."

பஸ் சக்கரம்தான் அவர்களுக்குக் கதிரடிக்கிற எந்திரம். ஏறி இறங்கினால் காய் வெடித்துப் பருப்பு உதிர்ந்துவிடும். பஸ்ஸுக்கு ஆறு சக்கரம், இதற்கு இரண்டுதானே என்று நான் கேட்டேன்.

"மூணு வாட்டி போனா ஆறாச்சி!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் என்னை இறங்கச் சொன்னார். சட்டைக் கையை மடித்துவிட்டு வண்டியை மேலே ஏற்றினார். காய்கள் படபடவென்று வெடித்தன. கொள்ளு உருண்டு சக்கரம் வழுக்கியது, அவருக்கோ ஒரே குஷி. அந்தக் கடைசி வரைக்கும் போவார், திரும்பி வருவார். பெண்கள் துடைப்பத்தோடு ஓடி ஓடிச் செடியைப் புரட்டிப்போட்டார்கள். தூசி எழும்பி வெயிலில் மஞ்சளாக நின்றது, அதற்குள்ளிருந்து அவர் சிரிக்கிற சத்தம் வந்தது. மெட்ராஸுக்குப் போய் வந்த பிறகு அவர் சிரித்து நான் கேட்கவில்லை. மூன்று தடவை என்று ஆரம்பித்தது எங்கேயோ போய்விட்டது.

"ஏங்க, பொழுது சாயுது!"

"தோ, இன்னொரு வாட்டி!"

இன்னொரு தடவை கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பெண் என் முந்தானையில் இரண்டு கை கொள்ளு அள்ளிப் போட்டு முடிந்துவிட்டாள். "ராவுக்கு இங்கியே படுத்துக்கினு காத்தால போங்களேன்" என்றாள். நாளைக்கு வண்டி எடுக்க ஆள் வருகிறது என்று இவர் சொல்லிவிட்டார். காவலூரைத் தாண்டும்போதே இருட்டிவிட்டது. அந்த வண்டியின் விளக்கு அகல் விளக்குக்குத் தங்கை. மலை இறங்க வேண்டிய இடத்தில் நிறுத்தினார்.

"இதுக்கு மேல எனுக்கு ஒண்ணும் தெரியல" என்றார். வழி கேட்கிற குழந்தை மாதிரி இருந்தது அந்தக் குரல்.

தள்ளிக்கொண்டே போகலாம் என்றால் கனத்த வண்டி, இறக்கத்தில் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். பின்னால் ஏறி உட்கார்ந்தேன். நடக்கிற வேகத்தில், இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு வண்டியை விட்டார். முதல் வளைவில் பயத்தில் அவர் இடது தோளை இறுக்கிப் பிடித்தேன். வண்டி இடது பக்கம் திரும்பியது. "அதையே செய்யி" என்றார். அதற்கப்புறம் இடது வளைவுக்கு இடது தோள், வலது வளைவுக்கு வலது தோள். ஓர் இடத்தில் நடு ரோட்டில் மாடு படுத்திருந்தது. இரண்டு தோளையும் சேர்த்து அழுத்தினேன். சட்டென்று நின்றுவிட்டார். அப்படி நிற்க வேண்டும் என்று நாங்கள் பேசிவைத்துக்கொள்ளவில்லை.

ஆலங்காயத்தில் தெரிந்த சைக்கிள் கடையில் வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறினோம். ஆம்பூர்க்காரர் அங்கேயே வந்து எடுத்துக்கொண்டு போனார். கண்ணாடியை யார் பக்கம் திருப்பிக்கொண்டாரோ. முந்தானையில் இருந்த கொள்ளை மறுநாள் வேகவைத்தேன். இருவரும் சாப்பிட்டோம்.

எங்கள் பையன் பிறந்து நடக்கிறவரை அவருக்குப் பார்வை இருந்தது, அவன் முகத்தைப் பார்த்தார். பள்ளிக்கூடம் சேர்த்தபோது இல்லை. முதலாளி பாய் கைவிடவில்லை, தோலை அடுக்கி எண்ணுகிற வேலை கொடுத்து வைத்துக்கொண்டார். கோல் வாங்கிக் கொடுத்தால் அவர் தொட மாட்டார். கடைத்தெருவுக்குக் கிளம்பினால் வாசலில் நின்று, "குந்திக்கினியா?" என்பார். அவர் முன்னால், நான் பின்னால் தோளில் கைவைத்துக்கொண்டு. ஊரே சிரித்தது, பெண்டாட்டி புருஷனை ஓட்டிக்கொண்டு போகிறாள் என்று. சிரிக்கட்டும். எத்தனை சந்து, எத்தனை கல்யாண வீடு, எத்தனை ஆஸ்பத்திரி, இரண்டு தோளையும் அழுத்தினால் எந்தக் கூட்டத்திலும் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்.

போன வருஷம் பையன் காரில் என்னை மலைக்குக் கூட்டிப்போனான். ரோடு அகலமாக இருக்கிறது. அந்தப் புளிய மரம் இல்லை. ரோட்டில் கொள்ளு இல்லை, எந்திரம் வந்து அடித்துக்கொடுத்துவிட்டுப் போகிறதாம். அந்தக் கிராமம் எது என்றே எனக்குத் தெரியவில்லை.

அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. கடைசி நாள் சாயங்காலம் மூச்சு விட்டு விட்டு வந்தது. கட்டிலின் தலைமாட்டில் நின்று தோளில் கைவைத்தேன். கண்ணைத் திறக்காமல், "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். இரண்டு தோளையும் சேர்த்து அழுத்தினேன். என் பலம் முழுக்கப் போட்டு அழுத்தினேன். அந்த ஒரு தடவைதான் அவர் நிற்கவில்லை.