பெனிசிலின் மிட்டாயும் கரிநாக்கும்

உலக யுத்தம் முடிந்த பிறகு என் வீட்டுக்காரர் தூத்துக்குடி பீச் ரோட்டில் பல் ஆஸ்பத்திரி வைத்தார். வாடகை வீடுதான். முன்னறையில் அவருடைய நாற்காலி, பின்னறையில் எங்கள் குடித்தனம். நான் நாசரேத்துக்காரி. பகலில் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சாயங்காலம் முன்னறைக்கு வருகிறவர்களுக்குப் பேச்சுத் துணை. பல்வலிக்காரர்களுக்கு அது அவசியம். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தால் போதும், காத்திருப்பவர்களில் பாதிப்பேர், "வலி நின்னுட்டு டீச்சர்" என்று செருப்பை மாட்டிவிடுவார்கள்.

அப்படி ஓடியவர்களில் ஒருவர் எங்கள் தெருத் தோணிக்கார அண்ணாச்சி. கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பாய்மரத் தோணிக்குச் சொந்தக்காரர். ஆள் வாட்டசாட்டமாக இருப்பார். எந்தப் புயலுக்கும் அசராதவருக்குப் பல் பிடுங்கும் குறட்டைக் கண்டால் மட்டும் ஆகாது. அடுத்த தடவை ஓட முடியவில்லை. கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் கட்டி, கன்னம் பணியாரம் போல உப்பியிருந்தது.

"பல்லை எடுத்துட்டா சீழ் வடிஞ்சிரும் அண்ணாச்சி. நிம்மதியாச் சோறு திங்கலாம்" என்றார் இவர்.

"அதெல்லாம் வேண்டாம் டாக்டரே. பெனிசிலின்னு ஒண்ணு வந்திருக்காமே. குண்டடி பட்ட பட்டாளத்துக்காரனையே எழுப்பி உக்கார வச்சிருக்காம். என் பல்லு என்ன பெரிசு? அதைக் குடுங்க."

"சீழை உள்ள வச்சுக்கிட்டு மருந்து தின்னு என்ன பிரயோசனம்? அரைகுறையாத் தின்னா, சாகாத கிருமி அந்த மருந்துக்குப் பழகிக்கிடும். பெறகு உயிருக்கு ஆபத்துன்னு வாரப்போ மருந்து கேக்காது."

"கிருமி பழகுமா? என் தோணியில வேலை பாக்கிறவனுவளே எனக்குப் பழக மாட்டேங்கானுவ!" என்று சிரித்தவர், சிரித்ததில் வலி கூடிப்போய், கன்னத்தைப் பொத்திக்கொண்டு வெளியேறினார்.

கொழும்பு மருந்துக் கடைகளில் அப்போது வாயில் போட்டுச் சப்புகிற பெனிசிலின் மாத்திரை கிடைத்தது. அடுத்த நடையில் தோணி திரும்பியபோது அண்ணாச்சிக்கு டப்பா டப்பாவாக வந்திறங்கியது. சப்பினார். வீக்கம் கொஞ்சம் வற்றியது. அதைக் காட்டுவதற்கென்றே எங்கள் வீட்டுக்கு வந்தார். "பாத்தியளா டாக்டரே!" என்று இவரிடம் கன்னத்தைத் திருப்பிக் காட்டிவிட்டு, என்னிடம் ஒரு மாத்திரையை நீட்டினார். "வாயில போடுங்க டீச்சர். கிளாஸ்ல நல்லாக் கத்தலாம்." இவர் என்னைப் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டேன்.

பல்வலி, தொண்டைக்கட்டு, வாய்நாற்றம் என்று யார் எதைச் சொன்னாலும் அண்ணாச்சி மடியிலிருந்து பெனிசிலின் மிட்டாய் வந்தது. எங்கள் முன்னறை வெறிச்சோடியது. "நாமளும் ரெண்டு டப்பா வாங்கி வைப்போமே" என்று சொல்லிப் பார்த்தேன். "அதுக்குப் பேசாம மிட்டாய்க் கடை வச்சிரலாம்" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே பளபளத்த குறட்டை இவர் மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

ஒரு நாள் காலையில் அண்ணாச்சி எங்கள் வாசலில் நின்றார், வாயைத் துண்டால் மூடிக்கொண்டு. கூடவே, அவரை விட்டால் ஓடிவிடுவார் என்பது போலக் கையைப் பிடித்தபடி, தோணியை ஓட்டும் தண்டல்.

"நாக்கைக் காட்டுங்க மொதலாளி" என்றார் தண்டல்.

காட்டினார். நான் ஓரடி பின்வாங்கிவிட்டேன். நாக்கு நடுவில் கன்னங்கரேலென்று, மயிர் முளைத்தது போல இருந்தது.

நடந்ததைத் தண்டலே சொன்னார். தோணி புறப்படும் நேரம். அண்ணாச்சி கரையில் நின்று வழக்கம் போல, "பாத்துப் போங்கலே, காத்து ஒரு மாதிரியா இருக்கு" என்று கத்தியிருக்கிறார். திறந்த வாயில் கரிநாக்கு! கரிநாக்குக்காரன் சொன்னது பலிக்கும் என்று தோணியிலிருந்த அத்தனை பேரும் கரைக்குக் குதித்துவிட்டார்கள். "இவரு நாக்கு வெளுக்காம ஒருத்தனும் ஏற மாட்டேங்கான் டாக்டரே."

அண்ணாச்சி மறுபடி மூடியிருந்த துண்டை எடுத்தார். கன்னம் முன்னைவிடப் பெரிதாக வீங்கியிருந்தது. "ரெண்டு ரெண்டாப் போட்டுச் சப்புதேன். கேக்க மாட்டேங்கு" என்றார் பரிதாபமாக.

இவர் ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. நாற்காலியைக் காட்டினார். மரத்துப்போக ஊசி போட்டார். அண்ணாச்சி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. "மாதாவே!" என்று அவர் கத்தி முடிப்பதற்குள் பல் கிண்ணத்தில் விழுந்துவிட்டது. சீழ் வடிந்ததும் அவர் முகம் குழந்தை முகம் போலத் தெளிந்தது.

"அவ்வளவுதானா?" என்றார், கொஞ்சம் ஏமாந்தவராக.

"அவ்வளவுதான். இனி அந்த மிட்டாய் கூடாது. வாயில கெடுதல் செய்யாத கிருமியும் உண்டு. அதையும் மருந்து கொன்னுட்டு. காலியான இடத்துல வேற என்னமோ வந்து குடியேறி நாக்கைக் கறுப்பாக்கியிருக்கு. மருந்தை நிறுத்தி, நாக்கை நல்லா வழிச்சா மாறிரும்."

"மிச்ச டப்பாவையெல்லாம் கடல்ல கொட்டிரட்டுமா?"

"வேண்டாம் அண்ணாச்சி. மீனும் பழகிக்கிடும்" என்றேன் நான். அவர் நிஜமாகவே யோசித்தார்.

வீக்கம் நன்றாக வற்றிவிட்டது. தோணி, அண்ணாச்சி கரைப் பக்கமே வராத ஒரு நாளாகப் பார்த்துப் புறப்பட்டுப் போனது. நாக்கும் மெல்ல மெல்லப் பழைய நிறத்துக்கு வந்தது. அதில் சந்தோஷப்படுவார் என்று நினைத்து விசாரித்தேன்.

"என்னத்தச் சொல்ல டீச்சர்! கறுப்பா இருந்த மட்டும் வீட்டுல ஒருத்தரும் எதுத்துப் பேசல. வாயத் தொறக்க முந்தி காப்பி வந்துரும். இப்ப கேட்டா, பொறுங்கன்னு சொல்லுதா ஒங்க அக்கா."