டெல்லியில் நின்ற ஊசி

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு ரேடியோவின் முகப்புக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் மட்டும் போய் வந்தது. ஊர்ப் பெயர்கள் உட்புறத்தில் அச்சிடப்பட்டவை. அங்கே ஸ்பிரிட் பட்டால் மெட்ராஸும் டெல்லியும் பஞ்சோடு வந்துவிடும். கண்ணாடியைத் துணியில் கிடத்திவிட்டு, பாமாவின் கைகள் நிலையம் காட்டும் ஊசியை இழுக்கும் நூலை அவிழ்த்தன. அவிழ்த்த நூலை ஒரு காகித உறையில் போட்டு, மேலே தேதி எழுதின.

கழற்றிய எதையும் வேலை முடியும் முன் எறியக் கூடாது. ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் ஒரு தொழிற்சாலையின் ஒயரிங் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருந்த பாமாவுக்கு அது பழகிப்போன விதி. ஆனால் வால்வு ரேடியோவை அங்கே யாரும் கற்றுத் தரவில்லை. விருப்ப ஓய்வு வாங்கி அல்வாலில் குடியேறிய பிறகு, பழைய இரும்புக் கடைகளில் கிடைத்த செட்டுகளைப் பிரித்தும் பூட்டியும் தானே கற்றுக்கொண்டார்.

2004இல் லூர்துமேரி கொண்டுவந்த இந்த ரேடியோப் பெட்டியில் கம்பெனிப் பெயர் விழுந்துபோயிருந்தது. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு எஃப்.எம். கிட் வைத்துத் தருவதாக இரண்டு கடைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

"அதெல்லாம் நக்கோம்மா, வேணாம். இது எங்க அப்பாவோட ரேடியோதானான்னு மொதல்ல சொல்லுங்க" என்றார் லூர்துமேரி.

அவர் அப்பா லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வண்டி சீட்டுகளுக்கு உறை தைத்தவர். 1976இல் தன் ரேடியோவை மௌலாலியில் இருந்த அண்ணனுக்கு இரவல் கொடுத்தார். அந்த வீட்டில் அதே மாதிரி இன்னொன்றும் இருந்தது. பெரியவர்கள் போன பிறகு, அண்ணனின் பிள்ளைகள் ஒன்றை எடைக்குப் போட்டுவிட்டு மற்றதை லூர்துமேரியிடம் கொடுத்தார்கள். எடைக்குப் போனது யாருடையது என்று அவர்களுக்கே தெரியவில்லை. அப்பாவுடையது என்று லூர்துமேரியிடம் வேறெந்தப் பொருளும் இல்லை.

ஐந்து வால்வுகளின் எண்களையும் கண்டென்சர்கள் மேல் இருந்த தேதிகளையும் பார்த்து, 1961இல் செய்த செட் என்று பாமா சொன்னார்.

"ஹவ், ஆமா, அப்பா வாங்குனது அறுபத்திரெண்டு. பெரியப்பாவும் அதே கடையில, அதே நாள்லதான் வாங்குனாரு."

மூன்று வாரம் வேலை நடந்தது. கசிந்த காகிதக் கண்டென்சர்களை ஒவ்வொன்றாக மாற்றினார். முதல் முறை மின்சாரம் கொடுத்தபோது சோதனைக்காக இடையில் மாட்டிய சீரிஸ் பல்ப் ஒரு கணம் பிரகாசித்துப் பிறகு மங்கியது. ஷார்ட் எங்கும் இல்லை. புது நூல் கட்டி, ஊசியைச் சரியாக ஹைதராபாத்தில் நிறுத்தினார்.

லூர்துமேரி வந்து கேட்டார். தெலுங்குச் செய்தி தெளிவாக வந்தது. ஊசியைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது.

"இது எங்களுது இல்லம்மா."

"எப்படிச் சொல்றீங்க?"

"எங்க ரேடியோல பேசுறது ஹைதராபாத்தா இருக்கும், ஊசி டெல்லியில நிக்கும். நூல் அறுந்தப்ப அப்பாவே கட்டுனாரு. ரயில் சீட்டு மட்டுந்தான் நேராத் தைப்பாரு. வீட்டுல அவரு கட்டுன துணிக்கொடியிலேருந்து எல்லாம் கோணல்தான்."

பாமா குறிப்பு நோட்டைப் புரட்டினார். முதல் நாள் எழுதிய வரி அங்கே இருந்தது: 'ஊசி ஒரு விரல் தள்ளி நிற்கிறது. தவறு. திருத்த வேண்டும்.' திருத்தியும்விட்டார்.

இழுப்பறையிலிருந்து உறையை எடுத்து நீட்டினார். உள்ளே மெழுகு ஏறிய தடித்த பச்சை நூல். ரேடியோவுக்கு உண்டான நூல் அல்ல என்று அவிழ்க்கும்போதே பாமாவுக்குத் தோன்றியிருந்தது.

லூர்துமேரி அதை நகத்தால் சுரண்டினார்.

"சீட்டு தைக்கிற நூலு" என்றார். பிறகு சிரித்துவிட்டார். "ரயில்வே சொத்து. ஒர்க்‌ஷாப்புலேருந்து பாக்கெட்டுல போட்டுக்கிட்டு வந்துருக்காரு மனுஷன்."

"ஊசி நேராவே இருக்கட்டுமா?"

"நேரா இருந்தா அது நீங்க வெச்சதும்மா."

பாமா பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கண்டென்சர்களில் தேங்கிய மின்சாரம் இறங்கும்வரை பொறுத்தார். பச்சை நூலை இரு முனையிலும் பிடித்து இழுத்துப் பார்த்தார், தாங்கியது. புது நூலைக் கழற்றி, பழையதைச் சுற்றி, ஊசியை ஒரு விரல் தள்ளிப் பொருத்தினார். மீண்டும் போட்டபோது ஹைதராபாத் பேசியது; ஊசி டெல்லியில் நின்றது. நோட்டில் 'தவறு' என்பதை அடித்துவிட்டு, 'சொந்தக்காரர் கட்டியபடி' என்று எழுதினார்.

பின்பலகையைத் திருகி மூடி, பெட்டியைத் தூக்கி லூர்துமேரியின் கைகளில் வைத்தார்.

"இடது பக்கம் கனம். அடியில கை குடுத்துப் பிடிச்சுக்குங்க."