கண்ணாடி அடைத்த புகைவாய்

ஈப்போ நகரில் என் மகன் கட்டிய வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அண்ணாந்து கூரையைத்தான் பார்க்கிறார்கள். நான்கு புறமும் செங்குத்தாய்ச் சரிந்து இறங்கும் அந்தக் கூரை, நாங்கள் பால்மரம் வெட்டிப் பால் எடுத்த ரப்பர் தோட்டத்துக் கோயிலின் கூரை. தோட்டத்தை விற்றபோது கோயிலையும் இடித்துவிட்டார்கள். அதன் வடிவத்தை வரைந்து கொடுத்தவன் நான்.

வீட்டுக்கு வரைபடம் போட்டவள் காம்பாரைச் சேர்ந்த தமிழ்ப்பெண். பத்து காஜா என்னும் ஊரில் என் வாடகை வீட்டுக்கே வந்து, "அங்கிள், அந்தக் கோயில் கூரைய கொஞ்சம் வரைஞ்சு காட்டுங்களேன்" என்றாள். வரைந்தேன். உச்சியில் ஒரு திறப்பு வைத்து, "இது கற்பூரப் புகை போறதுக்கும்மா" என்றேன்.

"அட, வெளிச்சம் அப்படியே நடுவுல விழும்லா!"

அந்த வெளிச்சம் சுவாமியின்மேல் விழப்போகிறது என்று நான் எண்ணிக்கொண்டேன். பூசை அறை எங்கே என்று கேட்கவில்லை. அப்படியொரு கூரையை எழுப்புகிறவன் அதன்கீழ் வேறு யாரை வைப்பான்? நாள்தோறும் பதிகம் ஓதும் வாய்க்கு ஒரு கேள்வி கேட்கத் தெரியாமல் போயிற்று.

புதுமனை புகுவிழாவுக்கு முந்தின நாள், சுவாமி படங்களை வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். இனி அங்கேயே தங்குவதாகத்தான் பேச்சு. வெளிச்சம் விழும் இடத்தில் சோபாவும் தொலைக்காட்சியும் இருந்தன. மகன் என்னைச் சமையலறைப் பக்கம் அழைத்துப்போய் ஓர் அலமாரியைத் திறந்தான்.

"இங்கதான்பா சாமி. கரண்டு வெளக்கு இருக்கு. கற்பூரம் மட்டும் வேணாம்."

"ஏன்?"

"மேல எல்லாம் நல்ல பலகைப்பா. கறுத்துரும்."

"அதுக்குத்தானே உச்சியில வாய் வச்சேன்?"

"அத கண்ணாடி போட்டு அடைச்சாச்சு. இல்லன்னா ஏர்கோன் குளிரு உள்ள நிக்காதுலா. வேணும்னா கார் நிக்கிற எடத்துல கொளுத்துங்க. நான் வேணாம்னு சொல்லலையே."

சொல்லவில்லைதான்.

மறுநாள் பால் பொங்கியது. "அண்ணே, கோயிலுக்குள்ள நிக்கிற மாதிரியே இருக்கு!" என்று உறவினர் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டார். மகன் கைப்பேசியை நீட்டி, "அப்பா ஒரு பதிகம் பாடுவாரு, கேளுங்க, சத்தம் அப்படியே சுத்தி வரும்" என்றான். யார் கேட்டும் பாட மறுத்தறியாதவன் நான். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். திருநீறு பூசிய நெற்றியோடு சொன்ன பொய்.

படங்களை மறுபடி வேட்டியில் சுற்றிக்கொண்டு பத்து காஜாவுக்கே வந்துவிட்டேன். இங்கே சுவாமி மாடத்துக்கு மேலே தாழ்ந்த பலகை. நான் காட்டிய கற்பூரத்தால் ஒரு தட்டளவுக்குக் கறுத்திருக்கிறது. வீட்டுக்காரச் சீனர் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் காலைப் பூசையின் நடுவே மகன் கைப்பேசியில் அழைத்தான். "என்னப்பா கோவம்? உங்க ரூமுக்கும் ஏர்கோன் போட்டிருக்கேன்லா."

தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அது அணையும்வரை நான் பேசவில்லை. அதற்குள் அவன் வைத்துவிட்டான்.