சோதனைக்காரி கமலவேணிக்குப் பிடித்த நான்கு நாவல்கள்

1952-ஆம் ஆண்டு மலாயாவில், ரெம்பியாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கமலவேணிக்குக் கிடைத்த வேலை, பெண்களைத் தடவிப் பார்ப்பது. அவசரகாலம் அது. காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கொண்டுபோய்க் கொடுத்துவிடக் கூடாது என்று தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, ஒரே ஒரு வாசல் விட்டிருந்தார்கள். விடியற்காலையில் பால்வெட்டப் போகிறவர்கள் அங்கே வரிசையில் நின்று சோதனை கொடுத்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். ஆண்களைப் போலீஸ்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். பெண்களுக்கென்று ஒரு தகரக் கொட்டகை கட்டி, அதில் கமலவேணியை நிறுத்தினார்கள். முப்பது வயது. ஆறாம் வகுப்பு வரை படித்தவள். யார் முகத்துக்காகவும் எதையும் விட்டுக்கொடுக்காதவள் என்று பெயர் எடுத்திருந்ததால்தான் அந்த வேலை அவளுக்கு வந்தது.

இரண்டாவது வாரம், வேலாயியின் இடுப்பில் கெட்டியாக ஏதோ கையில் தட்டியது. அரிசிப் பொட்டலம்தான் என்று உருவினாள். வந்தது ஒரு நாவல்.

பசியாற ஒன்றும் கொண்டுபோக விடுவதில்லை, பால் வடிகிற வரைக்கும் மரத்தடியில் சும்மா உட்கார்ந்து என்ன செய்வது என்று வேலாயி முறையிட்டாள். "சோறுதானே கொண்டுபோகக் கூடாது? இதத் தின்னுட்டு எவன் காட்டுல உயிரோட இருப்பான்?"

 ஆபீசில் கேட்டுச் சொல்வதாகக் கமலவேணி புத்தகத்தை வாங்கி வைத்தாள். ஆபீசில் கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் படித்து முடித்துவிட்டு, மறுநாள் திருப்பிக் கொடுக்கும்போது, கதாநாயகிக்குக் கொஞ்சம் புத்தி பத்தாது என்று ஒரு கருத்தும் சேர்த்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் தெரிந்தது, தோட்டத்தில் ஏழெட்டுப் பெண்கள் இடுப்பில் கதை கட்டிக்கொண்டு போகிறார்கள் என்று. ஒவ்வொன்றும் ஒரு நாள் கமலவேணியிடம் தங்கிவிட்டுப் போனது. அவற்றில் ஒரு நாவல் அவளைப் பாடாய்ப் படுத்தியது. 'மலையடிவாரத்தில் சந்திப்போம்' என்று பெயர். கடைசிப் பதினாறு பக்கங்களைக் காணோம். மழையில் துணி மூட்டையோடு அந்தப் பெண் மலையடியில் காத்து நிற்கிறாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது. அதோடு புத்தகம் கிழிந்துவிட்டது.

வந்தது யார்? காதலனா, அப்பனா, போலீஸா? சோதனைக்கு வருகிற ஒவ்வொருத்தியையும் இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லிவிட்டு, கமலவேணி அபிப்பிராயம் கேட்டாள். அவர்களும் தூக்கிய கையை இறக்காமல் விரிவாகவே சொன்னார்கள். படிக்கத் தெரியாதவர்கள்கூட ஆளுக்கொரு முடிவு வைத்திருந்தார்கள். இதனால் பெண்கள் வரிசை நகரவே மணிக்கணக்கானது. வெயில் ஏறிய பிறகு வெட்டினால் பால் எங்கே இறங்கும்? தோட்டத்துத் துரை போலீசுக்குப் புகார் எழுதிவிட்டார்.

அடுத்த ஜனவரி முதல் வாரத்தில் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி கொட்டகையைப் பார்வையிட வந்தார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், சிவப்புப் பென்சிலால் எழுதிய நான்கு வரிகள் சுவரில் ஒட்டியிருந்தன. போன வருஷம் தான் படித்ததில் மிகப் பிடித்தவற்றைக் கமலவேணி வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஆபீசில் கணக்கெழுதும் கிராணி காளிதாஸைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார்.

முதலாவது, மலையடிவாரத்தில் சந்திப்போம். இரண்டாவது, ஏழாம் நாள் தீர்ப்பு. மூன்றாவது, இரும்புப் பெட்டி இரகசியம். நான்காவது, மாமியாரைக் காணவில்லை.

அதிகாரியின் முகம் மாறிவிட்டது. எந்த மலை என்று கேட்டார். மாமியார் என்பது யாருடைய ரகசியப் பெயர் என்றும் கேட்டார். இதெல்லாம் கதைப் புத்தகம் என்று காளிதாஸ் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் காளிதாஸும் நாவல் பைத்தியம்தான். அவர் பார்வை மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டது.

"இரும்புப் பெட்டிக்கு மூணாவது இடமா? உனக்கு மனசாட்சி இருக்கா கமலவேணி?"

"கொலைகாரன் யாருன்னு எட்டாம் பக்கத்துலேயே தெரிஞ்சுபோச்சே, ஐயா."

"எனக்குக் கடைசி வரைக்கும் தெரியலியே."

"அதுக்கு நான் என்ன செய்யறது லா."

முடிவே இல்லாத புத்தகத்துக்கு முதலிடம் எப்படிக் கொடுக்கலாம் என்று அவர் கேட்க, முடிவை நாமே யோசித்துக்கொள்ளலாம், அதுதான் அதன் அழகு என்று அவள் சொல்ல, பத்து நிமிஷம் போனது. என்ன பேசுகிறீர்கள் என்று அதிகாரி அதட்டியபோது, இவள் பிடிவாதக்காரி என்று மட்டும் காளிதாஸ் ஆங்கிலத்தில் சொன்னார். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

கடைசியில் அவை புத்தகப் பெயர்கள் என்று தெரிந்து, நான்கையும் வரவழைத்துப் பார்த்தார்கள். மூன்றில் குறை ஒன்றும் இல்லை. முதலாவதில் கடைசிப் பக்கங்கள் இல்லை என்றதும் அதிகாரிக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது என்று கேட்டார். ஒரு வருஷமாக நானும் அதைத்தானே கேட்கிறேன் என்றாள் கமலவேணி.

மலாக்கா டவுனில் தேடி முழுப் பிரதி ஒன்றைக் கொண்டுவர நாலு நாள் ஆனது. ஐந்தாம் நாள் ஆபீசில் விசாரணை. அதிகாரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். கமலவேணி நாற்காலியில், பக்கத்துக்கு ஒரு போலீஸ்காரர். காளிதாஸ் நின்றபடி பதினாறு பக்கத்தையும் தமிழில் உரக்கப் படித்து, பத்திக்குப் பத்தி ஆங்கிலத்திலும் சொன்னார். பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். யாரும் அவர்களை விரட்டவில்லை.

காலடிச் சத்தம் நெருங்கியது. மின்னல் அடித்தது. அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். உடனே தன் வீட்டுப் பாயில் கண் விழித்தாள். அத்தனையும் கனவு.

ஜன்னலில் நின்ற வேலாயி, "சீ" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.  அதிகாரிக்கும் ஏமாற்றம்தான் போலிருக்கிறது. பிறகு ஃபைலை மூடிவிட்டு, வேலை நேரத்தில் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். கமலவேணி எழுந்தவுடன் கேட்டது பென்சில். மேசை மேல் சாட்சியாகக் கிடந்த அந்தக் காலண்டர் தாளில் முதல் வரியை அடித்தாள். மற்ற மூன்றுக்கும் எண்களை மாற்றினாள். காளிதாஸின் இரும்புப் பெட்டி இப்படி இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டது. ஒரு மாதம் அவர் நடையே வேறு மாதிரி இருந்தது. அவரைப் பார்த்தால் கமலவேணி வேறு பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

1954-இல் அந்த வட்டாரத்தில் கெடுபிடி விலகி, வாசலில் சோதனை நின்றது. தோட்டமே சந்தோஷப்பட்டபோது கமலவேணிக்கு மட்டும் வேலை போனது. பால்வெட்டும் கத்தி கைக்கு வந்தது. முதல் மாதம் மரத்தைக் காயப்படுத்தி, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் தினமும் திட்டு வாங்கினாள். பக்கத்து மர நிரை வேலாயியுடையது. பசியாறும் நேரத்தில் வேலாயி தூக்குச்சட்டியைத் திறந்து, சோற்றில் பாதியை மூடியில் வைத்து நீட்டினாள். இப்போது என்ன படிக்கிறாய் என்று கேட்டாள்.

"பக்கத்துல சோத்த வச்சிக்கிட்டு படிப்பு எங்க ஓடுது, அக்கா?" என்றாள் கமலவேணி, நெத்திலிச் சம்பலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. "இந்த வருஷம் பட்டியலுக்கு நாலு தேறாது."