இந்த இருமல் எந்த அரசாங்கத்தைச் சேர்ந்தது?

டாக்டர் கமலவேணி இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பவுண்டர் வாசலில் நின்று, "நெஞ்சு டாக்டரம்மா போயிட்டாங்கய்யா. மாரடைப்பாம்" என்றார். வரிசையில் பாதிப் பேர் ஒரு காலத்தில் அவரிடம் மருந்து வாங்கியவர்கள். அவர்கள் தலத்தெருவில் இருந்த அவர் வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தார்கள். மீதிப் பேரைப் பார்த்து அனுப்பிவிட்டு நானும் கிளம்பினேன்.

வீட்டு வாசலில் அரசாங்க மேலிடத்திலிருந்து வந்த மலர்வளையம் ஒன்று சாத்தியிருந்தது. 'அயராத ஆராய்ச்சியாளருக்கு அஞ்சலி' என்று நாடாவில் எழுதியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு இருந்தவரை அந்த ஆராய்ச்சிக்குக் காலணா கொடுக்காதவர்கள், செத்த பிறகு ரோஜாப்பூ வாங்கக் காசு ஒதுக்கியிருக்கிறார்கள். அவரை அறிந்த உங்களிடம் இந்த எரிச்சலை மறைத்துக்கொண்டு எழுத எனக்கு வராது.

காரைக்கால் ஆஸ்பத்திரியில் அவர் நெஞ்சுநோய் மருத்துவர், நான் பொது மருத்துவன். எழுபதுகளின் நடுவில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டுச் சில எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் காட்டினார். "இவங்க எல்லாருக்கும் டி.பி. மருந்து கொடுத்துப் பார்த்தாச்சு, ராமலிங்கம். ஒருத்தருக்கும் கேட்கலை. சளியில கிருமியும் இல்லை. எல்லாரும் எங்கே வேலை பார்த்தாங்கன்னு கேட்டேன், ஒரே இடத்தைச் சொல்றாங்க" என்றார். அந்த இடம் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருந்த ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் தொழிற்சாலை. எங்கள் கோட்டுச்சேரிப் பக்கத்திலிருந்து ஆட்கள் பஸ் ஏறி அங்கே போய், ஆஸ்பெஸ்டாஸ் செய்யும் கல்நார் மூட்டைகளைப் பிரித்துக் கொட்டிவிட்டு, தலையெல்லாம் வெள்ளையாகத் திரும்பி வருவார்கள்.

அவர் கேட்டது பெரிய தொகை இல்லை. அந்தத் தொழிலாளர்கள் அத்தனை பேருக்கும் எக்ஸ்ரே எடுக்கப் படச்சுருள், மூச்சை அளக்க ஒரு கருவி, திசுப் பரிசோதனைச் செலவு. எங்கள் தலைநகர் பாண்டிச்சேரியில் ஓர் அதிகாரி, "தொழிற்சாலை தமிழ்நாட்டுல இருக்கு, அங்கே கேளுங்க" என்றார். சென்னைக்குப் போனால், "நோயாளிங்க உங்க ஊர்க்காரங்க, உங்க அரசாங்கத்தைக் கேளுங்க" என்றார்கள். திரும்பி வந்தவர் பையை மேசைமேல் போட்டுவிட்டுச் சிரித்தார். "மதுவிலக்கு இருக்குன்னு இங்கே வந்து குடிச்சிட்டுப் போறவங்களுக்கு எல்லையே தெரியலை. இருமல்னு சொன்னதும் இம்மி பிசகாமத் தெரியுது." தில்லிக்கு எழுதினார். நோய் இருப்பதாகச் சந்தேகமின்றி நிரூபிக்கப்பட்ட ஒருவரையாவது காட்டுங்கள், பிறகு உதவி பற்றி யோசிக்கலாம் என்று பதில் வந்தது. நிரூபிக்க வேண்டுமென்றால் நுரையீரலையே எடுத்துப் பார்க்க வேண்டும்.

கோட்டுச்சேரி சிங்காரவேலுவுக்கு அது தெரியும். மூட்டை பிரிக்கிற வேலையை மூச்சுத் திணறலால் விட்டவர். "நான் போனப்புறம் எடுத்துப் பாருங்கம்மா. கூட வேலை பாத்த பயலுவளுக்காவது ஆவட்டும்" என்று தாமாகவே சொன்னார். டாக்டரம்மா அவரைத் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கிருந்த பேராசிரியரிடம் எல்லாவற்றையும் பேசி வைத்தார். தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில் தமிழ்நாட்டுப் பேராசிரியர் பார்த்துச் சொன்னால் சென்னையில் தட்டிக்கழிக்க முடியாது என்பது எங்கள் கணக்கு.

கடைசி நாட்களில் சிங்காரவேலுவின் மனைவி பாக்கியம், "உசுரு வீட்ல போவணும்மா, இங்க அனாதையாட்டம் வேணாம்" என்று அழுதார். டாக்டரம்மா ஒரு டாக்சி பிடித்து, ஆக்சிஜன் சிலிண்டரோடு தாமே போய் அவரைக் கோட்டுச்சேரிக்குக் கூட்டிவந்துவிட்டார். நான் சண்டை போட்டேன். "இத்தனை வருஷ உழைப்பைக் கொண்டுபோய்க் குப்பையில கொட்டிட்டீங்க" என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் நுரையீரலுக்கா வைத்தியம் பார்த்தேன்? சிங்காரவேலுவுக்குப் பார்த்தேன்" என்றார். அப்போதும் எனக்குக் கோபம் தணியவில்லை. இப்போதும் முழுதாகத் தணிந்தது என்று சொல்லமாட்டேன்.

சிங்காரவேலு இரண்டு நாளில் தம் வீட்டில் இறந்தார். நாங்கள் மாலையோடு போனோம். டாக்டரம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, என்னையும் கண்ணாலேயே அடக்கினார். பாக்கியம்தான் எழுந்து வந்தார். "கொண்டு போங்கம்மா. அவுரு சொன்ன வாக்கு. பொழுது சாயறதுக்குள்ள குடுத்துருங்க." பங்காளிகள் எகிறினார்கள், அறுத்த உடம்புக்கு எப்படிக் கொள்ளி வைப்பது என்றார்கள். "வருசக்கணக்கா அவர ஒக்காந்தபடியே தூங்க வச்ச நெஞ்சு. அதுல என்னதான் இருக்குன்னு தெரிய வேணாமா?" என்று கேட்டார் பாக்கியம். பங்காளிகள் விலகி வழிவிட்டார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் நான்தான் அறுத்தேன். நுரையீரலின் அடிப்பக்கத்தில் கத்தி வைத்தபோது கொட்டாங்கச்சியைச் சுரண்டுவது போல இருந்தது. டாக்டரம்மா பக்கத்தில் நின்று ஜாடியைப் பிடித்துக்கொண்டார். சொன்னபடி பொழுது சாய்வதற்குள் உடலைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பாண்டிச்சேரியில் திசுவைப் பரிசோதித்தவர்கள், கல்நார் இழைகள் இருக்கின்றன, கல்நாரால் வந்த நோய்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். தில்லி கேட்டது கையில் வந்துவிட்டது என்று நான் ஆஸ்பத்திரி முழுக்க இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அவ்வளவு நம்பினேன்.

தில்லி இரண்டு அரசாங்கங்களின் கருத்தையும் கேட்டது. இறப்பும் பரிசோதனையும் எங்கள் எல்லைக்கு வெளியே நடந்தவை, ஏற்பதற்கில்லை என்றது சென்னை. நோய் எங்கள் எல்லைக்கு வெளியே வந்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றது பாண்டிச்சேரி. இருவரும் ஒத்துப்போகும்வரை உதவி இல்லை என்றது தில்லி. அந்த வருஷ மழையில் ஒழுகிய எங்கள் புறநோயாளிகள் கொட்டகைக்கு மட்டும் கேட்காமலே பணம் வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டார்கள். டாக்டரம்மா அண்ணாந்து பார்த்து, "பணம் இல்லைன்னு யாரு சொன்னா? தலைக்கு மேலயே போட்டிருக்காங்களே" என்றார். கம்பவுண்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓய்வு பெறும்வரை அவர் எழுதிக்கொண்டே இருந்தார். "இல்லைன்னு பதில் எழுதற வேலையையாவது அவங்களுக்கு நாம வைக்கணும்" என்பார். அதற்குள் அந்தத் தொழிற்சாலையில் சிங்காரவேலுவோடு வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் காசநோய் என்றே பதிவானது.

டாக்டரம்மாவின் உடலை எடுத்த பிறகு, பந்தலோரத்தில் ஒரு பெண் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். தலை நரைத்திருந்தது. பாக்கியம் என்று அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. துக்கம் விசாரிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"அவரு நெஞ்சக் குடுத்தமே டாக்டரய்யா, கெவுருமெண்டுல என்ன சொன்னாங்க?"

"டாக்டரம்மா உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையாம்மா?"

"கேக்கறப்பல்லாம், எழுதியிருக்கேன், பதில் வரட்டும்னுதான் சொல்லுவாங்க. இனிமே யாரக் கேக்கறது, ஒங்களத்தானே கேக்கணும்?"

பதில் எப்போதோ வந்துவிட்டது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. கமலவேணியும் சொல்லவில்லை, அந்தப் பதிலைப் பதிலாக அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை என்பது அந்தப் பந்தலில்தான் எனக்குப் புரிந்தது. அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருப்பது இந்தப் பெண்மணியும் இவருடைய கேள்வியும்தான். "எழுதறேம்மா" என்றேன். மறுநாள் தில்லிக்கு எழுதினேன்.